கதையின் கூறுகள் உங்களுக்கு எங்கே விளங்கின? திருகோணமலைக்காரர் சொல்லுங்கள்

கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை என்று பாடமாக்கிய எல்லோருக்கும் அந்த வரையறைகள் இன்னும் நினைவிருக்கும். ஆனால் கையில் ஒரு கதையைக் கொடுத்து, இதில் நோக்குநிலை என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பலரும் பேசாமல் இருந்துவிடுவார்கள். எனக்கு அது விளங்கியது, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் நடத்திய வகுப்பில்தான். குறிப்பு எதுவும் தரமாட்டார். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார், அவ்வளவுதான்.

நாங்கள் போன அன்று மடி, அதாவது மீன் சேரும் வலையின் பை, கிட்டத்தட்ட வெறுமையாகத்தான் கரைக்கு வந்தது. கொஞ்சம் சூடை, மிச்சமெல்லாம் சொறிமுட்டையும் பாசியும். அடுத்த வகுப்பில் அதையே எழுதச் சொன்னார், ஆனால் யார் கண்ணால் எழுதுவது என்பதைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். ஒருவருக்கு வலை முதலாளி, இன்னொருவருக்குக் கயிறு இழுத்தவர், எனக்கு மீன் வாங்கக் கூடையோடு நின்ற அம்மா. வாசித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று கதை. முதலாளிக்கு அந்த மடி கடன். ஆட்களுக்குக் கொடுத்த முற்பணம் எப்போது திரும்பும் என்பதுதான் அவர் தலைக்குள் ஓடுகிறது. கயிறு இழுத்தவருக்கு அது பங்கு இல்லாத நாள், ஆனாலும் முற்பணம் வாங்கியிருப்பதால் நாளைக்கும் அதே முதலாளியிடம்தான் வரவேண்டும். அந்த அம்மாவுக்கோ கடலைப் பற்றிய நினைப்பே இல்லை, சந்தைக்குப் போகிற பஸ் வரப்போகிறது, இன்னொரு வாடிக்கு (மீனவர் தங்கும் கரையோரக் கொட்டில்) நடப்பதா இங்கேயே நிற்பதா என்பதுதான் அவருடைய முரண். ஆள் மாறியதும் முரண் மாறியது, முரண் மாறியதும் கதை எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதும் மாறிவிட்டது. கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் படிப்பதில் எனக்கு அதற்குப் பிறகு நம்பிக்கை இல்லை.

பின்னலையும் அந்த அம்மாவை வைத்தே காட்டினார். ‘மீன் இல்லை, அவர் வீட்டுக்குப் போனார்’ என்றால் வெறும் செய்தி. ‘மீன் இல்லை, நேற்றுக் கைமாற்றாக வாங்கிய காசைக் கொடுக்க வழியில்லை, அதனால் கடைத்தெருவை விட்டு ஒழுங்கையால் வீட்டுக்குப் போனார்’ என்றால் ஏன் என்ற கேள்வி உள்ளே வந்துவிடுகிறது, கூடவே அவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரிந்துவிடுகிறது.

களம் பற்றிக் கதைக்கும்போது நம்மவர்கள் ஏனோ தொல்காப்பியத்தை விட்டுவிடுகிறார்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்த நிலத்தின் பறவை, உணவு, தொழில் எல்லாம் கருப்பொருள், உணர்ச்சி உரிப்பொருள், நெய்தலுக்கு இரங்கல். நம் கரையில் பொழுது நேராகவே கதைக்குள் வந்துவிடும். மாரியில் வாடைக்காற்றோடு கடல் பொங்கும்போது கரைவலைக்கு வேலையில்லை, எங்கள் மூன்று கதையையும் டிசம்பரில் வைத்தால் வலையே கடலில் இறங்காது.

கரும்பலகையில் வரைகிற அந்த முக்கோணம் (தொடக்கம், ஏற்றம், உச்சம், இறக்கம், முடிவு) சிறுகதைக்குக் கட்டாயம் இல்லை. குஸ்தாவ் பிரைட்டாக் என்ற ஜெர்மானியர் 1863இல் ஐந்து அங்க நாடகங்களைப் பார்த்து வகுத்தது அது. சிறுகதை பல நேரம் உச்சத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கும்.

—

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். மேலே சொன்ன களம் விசயத்தில் எனக்கும் ஒரு அனுபவம். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி தன் வாப்பாவின் இளமைக்காலத்தைக் கதையாக எழுதி வந்தான், எண்பதுகளில் நடக்கிற கதை, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். வட்டத்தில் இருந்த ஒரு ராத்தா, பாதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே தம்பி என்று கேட்டார். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல்தானே, அதற்கு முதல் பாதையில் ஏறித்தான் கடக்கவேண்டும், பாதை அக்கரையில் நின்றால் வரும்வரை காத்திருக்கவேண்டும். தம்பி அந்தக் காத்திருப்பை எழுதினான், கதையின் முக்கால்வாசி அதுவே ஆகிவிட்டது. உம்மா பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைக்கிறார், வாப்பா அக்கரை வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறார். பாத்திர வார்ப்பு என்று தனியாக எதுவும் செய்யவில்லை, அந்தத் துறையடியில் யார் என்ன செய்தார்கள் என்பதிலேயே ஆட்கள் உருவாகிவிட்டார்கள்.

மூதூரிலிருந்து லாஞ்சியில் குடாவைக் கடந்து பள்ளிக்கூடம், வேலை என்று போய்வந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்தப் பயணத்தை வைத்துக் கதை எழுதியிருந்தால் எந்த ஆளின் கண்ணால் எழுதினீர்கள் என்று சொல்லுங்கள், ஏன் அவர் என்பதையும் சேர்த்து.