அப்பாவும் ஸ்வேல்டேல் ஆட்டுக்காரரும்

ஊரிலிருந்து அம்மா அப்பாவை இங்கிலாந்துக்கு வரவழைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். லண்டனையும் கோயில்களையும் காட்டி முடித்த பிறகு, அவர்களை இங்கே ஆடு மாடு மேய்கிற ஒரு ஊருக்கும் கூட்டிப் போங்கள். முக்கியமாக, அவர்கள் விவசாயம் பார்த்தவர்களாக இருந்தால்.

என் அப்பா சிவகங்கைப் பக்கம். நெல்லும் கொஞ்சம் ஆடு மாடும்தான் அவர் வாழ்க்கை. மில்டன் கீன்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால்தான் பேச்சு. பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தோம். "நல்லாருக்கு ஆத்தா" என்றார். அதோடு சரி.

மே மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை வந்தபோது யார்க்‌ஷயர் டேல்ஸில் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தோம். யார்க்‌ஷயர் டேல்ஸ் 1954இலிருந்து தேசியப் பூங்கா. பெயர்தான் பூங்கா. உள்ளே ஊர்கள் இருக்கின்றன, பண்ணைகள் இருக்கின்றன, ஜனங்கள் அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். நான் எழுதப்போவது எந்த இடத்தையும் 'பார்க்க'ப் போகாத ஒரு நாளைப் பற்றி. காலையில் குக்கரில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, ம்யூக்கர் என்ற ஊரிலிருந்து ஆற்றுப் பக்கமாகச் சும்மா நடந்தோம்.

இங்கே நடைபாதைக்கு ஒரு சட்ட உரிமை உண்டு. மஞ்சள் அம்புக்குறி போட்டிருந்தால் அது பொதுப் பாதை. தனியார் வயலின் நடுவே போனாலும் யாரும் தடுக்க முடியாது. அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. "அடுத்தவன் காட்டுக்குள்ள கேக்காம எப்படிப் போறது?" என்று முதல் சுவரிலேயே நின்றுவிட்டார். அந்தச் சுவரில் ஒரு ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தார்கள். மனுஷன் போகலாம், ஆடு போகாது. அம்மா சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அதில் நுழைந்த பிறகுதான் அவரும் வந்தார்.

உள்ளே போனால் இடுப்பைத் தொடாத உயரத்தில் புல். மஞ்சள் பட்டர்கப் பரவிக் கிடந்தது, ஊதா நிறக் கிரேன்ஸ்பில் அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. சின்னவன் உள்ளே ஓடப் பார்த்தான். "டேய், வெள்ளாமைக்குள்ள இறங்காத!" என்று அப்பா சத்தம் போட்டார். கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பலகையில் அதேதான் எழுதியிருந்தது: இது குளிர்காலத் தீவனத்துக்கான பயிர், ஒருவர் பின் ஒருவராக நடக்கவும். பலகையை நான் படித்துச் சொன்னதும் பேரனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். இந்த மாதிரிப் பூப்புல்வெளிகளில் 97 சதவீதம் 1930களுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அழிந்துபோய்விட்டது. ம்யூக்கரில் மிஞ்சியிருப்பதற்குக் காரணம், இங்கே இன்னும் பழைய முறையில் பூ விதை உதிர்ந்த பிறகு ஜூலையில் புல் அறுப்பது. யெல்லோ ராட்டில் என்று ஒரு செடி புல்லின் வேரை உறிஞ்சி அதன் வேகத்தைக் குறைக்குமாம், அதனால்தான் மற்ற பூக்களுக்கு இடம் கிடைக்கிறது.

திரும்பும்போது இரண்டு பக்கமும் கல்சுவர் உள்ள சந்தில் ஒரு மந்தை எதிரே வந்தது. கருப்பு முகம், வெள்ளை மூக்கு, கிடா பெட்டை இரண்டுக்கும் கொம்பு. அதுதான் ஸ்வேல்டேல் ஆடு. பின்னால் குவாட் பைக் என்கிற நாலு சக்கர வண்டியில் ஒருவர், கூட ஒரு பார்டர் கோலி நாய். நாங்கள் சுவரோரம் ஒட்டி நின்றோம். ஒரு குட்டி மட்டும் பிரிந்து, திறந்திருந்த கேட்டுப் பக்கம் பாய்ந்தது. அப்பா சட்டென்று நடுவில் போய்க் கையை விரித்து, நாக்கை மடக்கி "ட்ர்ர்ர்... ஹேய்" என்றார். குட்டி திரும்பி ஓடித் தாயோடு சேர்ந்தது.

வண்டியை நிறுத்தி அந்த மனிதர் இறங்கி வந்தார். அறுபது வயது இருக்கும். அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்பு வேலை.

"எத்தன உருப்படி வச்சிருக்காருன்னு கேளு." கேட்டேன். சிரித்துக்கொண்டே, "போதுமான அளவு" என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார். "சரிதான், நம்மூர்லயும் கணக்கச் சொல்ல மாட்டாங்க."

குட்டிகளோடு மந்தையை மேலே மேட்டுக்காட்டுக்கு ஓட்டிப் போகிறாராம். அங்கே வேலி கிடையாது. ஆனாலும் ஆடுகள் அவரவர் எல்லையைத் தாண்டாது. தாய் மேய்ந்த இடத்தைக் குட்டி கூடவே திரிந்து பழகிக்கொள்ளும், அது தன் குட்டிக்குப் பழக்கும், தலைமுறை தலைமுறையாக. அதனால் பண்ணை கைமாறினாலும் மந்தை பெரும்பாலும் அந்த நிலத்தோடேயே இருந்துவிடும். 2001இல் இங்கே கோமாரி வந்தபோது நாடு முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். கம்ப்ரியாவில் இவருடைய மாமாவின் மந்தை மொத்தமும் போனது. "நோவு வராததையுமா?" என்று அப்பா கேட்டார். ஆமாம், பக்கத்துப் பண்ணையில் வந்ததற்காக. புது ஆடுகளை வாங்கி விட்டபோது அவற்றுக்கு எல்லை தெரியவில்லை, வருஷக்கணக்கில் கூடவே நின்று பழக்க வேண்டியிருந்ததாம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தோளில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு அப்பா கேட்ட கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது. "இவங்க கிடை போடுவாங்களான்னு கேளு." கோடையில் எங்கள் வயலில் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்க்கிறவர்கள், கிடை போடுவார்கள். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். நான் விளக்கியதும் அவர் பள்ளத்தாக்கைக் கைகாட்டினார். வயலுக்கு ஒன்றாகக் கல் கொட்டகைகள் நிற்கின்றன, படத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வயலில் அறுத்த புல் கொட்டகையின் மேல்தளத்தில் இருக்கும், குளிர்காலம் முழுக்கக் கீழே மாடுகள் அதைத் தின்னும், சாணி திரும்ப அதே வயலுக்குப் போகும். அவருடைய தாத்தா பனியில் தினமும் கொட்டகை கொட்டகையாக நடந்து தீவனம் போட்டவர். இப்போது பெரும்பாலானவை சும்மா கிடக்கின்றன, மாடுகள் பெரிய கொட்டடிக்குப் போய்விட்டன.

"வண்டி வச்சு எரு அடிக்க வேணாம். விளஞ்ச இடத்துலயே தின்னு, அங்கயே போட்ரும். கெட்டிக்காரய்ங்க" என்றார் அப்பா. கம்பளி விற்கிற காசு மயிர் கத்தரிக்கிற கூலிக்கே காணாது என்று அவர் சொன்னதும், நம்மூர் நெல்லுக்கு அறுப்புக்கூலி ஏறிய கதையை இவர் ஆரம்பித்துவிட்டார். அதை மொழிபெயர்த்து மாளவில்லை எனக்கு.

அம்மாவின் சந்திப்பு வேறு மாதிரி. ஊருக்குள் ஒரு வீட்டு வாசலில் முட்டைகளும் காசு போட ஒரு டப்பாவும் இருந்தன. விற்க ஆள் இல்லை. யாராவது பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று அம்மா நின்றுகொண்டே இருந்தார். மழை தூற ஆரம்பித்ததும் அந்த வீட்டம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடி வந்தார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மறுகோடியிலிருந்து எடுக்கத் தொடங்கினார். இருவருமாகப் போர்வையை மடித்தார்கள். முட்டைக்குக் காசு வாங்க அவர் மறுக்க, அம்மா டப்பாவில் போட்டுவிட்டுத்தான் வந்தார்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. முட்டைக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே அப்பா பிள்ளைகளிடம் ஊர்க்கதை சொன்னார். "ஐயா, இன்னொன்னு" என்று அவர்கள் விடவில்லை.

பதில், மியூனிக்கிலிருந்து:

உங்கள் அப்பா கிடை பற்றிக் கேட்டதைப் படித்ததும் என் அம்மா நினைவு வந்தது. செப்டம்பரில் ஆல்காய் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தோம். கோடை முழுக்க மலையில் மேய்ந்த மாடுகளைக் கீழே இறக்குகிற காலம். முன்னால் வரும் மாட்டுக்குப் பூவால் பெரிய கிரீடம் கட்டுவார்கள். நாங்கள் பார்த்த மந்தையில் கிரீடம் இல்லை, மணி மட்டும். ஏன் என்று பண்ணைக்காரம்மாவிடம் கேட்டோம். அந்தக் கோடையில் ஒரு கன்று பாறையிலிருந்து விழுந்து செத்துவிட்டது, மலையில் ஒரு உயிர் போனால் அந்த வருஷம் அலங்காரம் கிடையாது என்றார். "நம்ம வீட்ல சாவு விழுந்தா அந்த வருஷம் பொங்கல் இல்லைல்ல, அது மாதிரி" என்றார் அம்மா. மாட்டுப் பொங்கலைப் பற்றிப் பண்ணைக்காரம்மாவுக்கு விளக்கினோம். ஊரில் கொம்புக்கு வர்ணம் பூசிய படங்களைக் கைபேசியில் காட்டியதும் அவர் தன் கணவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

பதில், லெஸ்டரிலிருந்து:

மாமியார் ஆகஸ்டில் வருகிறார். முழங்கால் வலி உண்டு. ஸ்வேல்டேல் சரிப்படுமா அக்கா? கார் இல்லை.

என் பதில்:

தாராளமாகப் போகலாம்ப்பா. ஆனால் ஆகஸ்டில் புல் அறுத்திருப்பார்கள், பூ இருக்காது. ரயிலில் டார்லிங்டன் இறங்கி, ரிச்மண்ட் வழியாகப் பேருந்தில் போக வேண்டும். பள்ளத்தாக்குக்குள் வண்டி குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். சுவர் இடுக்குகளில் அவர்களால் நுழைய முடியாது என்றால் ரீத் ஊரில் தங்குங்கள், நடுவில் பெரிய புல்திடல், சுற்றிக் கடைகள், பெஞ்சுகள். அரிசி பருப்பு இங்கிருந்தே கொண்டு போய்விடுங்கள். வயலில் நடந்தால், திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டு வாருங்கள். கன்றோடு நிற்கிற மாட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே வேண்டாம், சுற்றிப் போங்கள்.