எடைச்சீட்டு வந்ததும் அச்சாக வேண்டும், ஸ்கிரிப்ட் அசையவில்லை: உதவி தேவை

போச்சம்பள்ளி_எடைமேடை:
வணக்கம். எங்கள் மாங்கூழ் ஆலைக்கு வரும் லாரிகளின் எடைச்சீட்டு ஒரு கோப்புறையில் வந்து விழுந்தவுடன் தானாக அச்சாக வேண்டும் என்று, உபுண்டு (லினக்ஸ்) கணினியில், கோப்புறையில் நடக்கும் மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும் ஐநோட்டிஃபைவெயிட் கட்டளையைக் கொண்டு ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். நானே அங்கே ஒரு கோப்பை நகலெடுத்து வைத்தால் அச்சாகிறது. எடைமேடையிலிருந்து வரும் சீட்டுக்கு மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. பெங்களூரா காய் வரத்துத் தொடங்கிவிட்டதால் வாசலில் வண்டிகள் காத்திருக்கின்றன. அவசரம்.

அரூர்_முருங்கை:
எந்த நிகழ்வைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறீர்கள்? கிரியேட் என்பது வெற்றுக் கோப்பு பிறக்கும்போதே வந்துவிடும். எழுதி முடித்து மூடும்போது வருவது குளோஸ்-ரைட். சில மென்பொருள்கள் தற்காலிகப் பெயரில் எழுதிப் பிறகு பெயரை மாற்றும் என்பதால், மூவ்ட்-டூ நிகழ்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோடு_தக்காளி:
ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளையும் கோப்புறைகளையும் கவனிக்கலாம் என்ற உச்சவரம்பே இதற்குக் காரணமாக இருக்கும். பழைய கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) அது 8192 மட்டுமே, 5.11 முதல்தான் நினைவகத்தின் அளவைப் பொறுத்து உயர்கிறது. உங்கள் கெர்னல் பதிப்பு என்ன?

ஓசூர்_மூத்தவர்:
ஐநோட்டிஃபைவெயிட்டுக்கு அடிப்படையான ஐநோட்டிஃபை 2005இல் 2.6.13 கெர்னலோடு வந்த வசதி. இத்தனை ஆண்டுகளாகக் கிடைக்கும் கையேட்டை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஸ்கிரிப்டை விட்டுவிட்டு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில், கோப்புறையைக் கவனித்து ஒரு சேவையைத் தொடங்கும் பாத் யூனிட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

அரூர்_முருங்கை:
ஐயா, பாத் யூனிட்டும் உள்ளே ஐநோட்டிஃபையைத்தான் நம்பியிருக்கிறது. அதோடு, கோப்புறைக்குள் எந்தக் கோப்பு மாறியது என்பதை அது சொல்வதில்லை.

ஓசூர்_மூத்தவர்:
சொல்லத் தேவையில்லை. கோப்புறை காலியாக இல்லையென்றால் சேவையைத் தொடங்கு என்று எழுதினால், கணினி அணைந்திருந்த நேரத்தில் வந்து சேர்ந்த சீட்டும் விடுபடாது. உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தவறவிடும்.

அரூர்_முருங்கை:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தொடங்கும்போது கோப்புறையை ஒருமுறை முழுக்கப் பார்க்கும்படி ஸ்கிரிப்டிலும் இரண்டு வரி எழுதிவிடலாம்.

காவேரிப்பட்டணம்_கரை:
பதிவிட்டவரிடம் இன்னும் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. அந்தக் கோப்புறை உபுண்டு கணினியின் சொந்த வட்டில் இருக்கிறதா, வேறு கணினியிலிருந்து பிணையம் வழியாக மவுண்ட் செய்யப்பட்டதா (இணைக்கப்பட்டதா)?

போச்சம்பள்ளி_எடைமேடை:
எடைமேடை விண்டோஸ் கணினியில் பகிர்ந்திருக்கும் கோப்புறைதான். அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, மன்னிக்கவும்.

காவேரிப்பட்டணம்_கரை:
காரணம் அதுவே. ஐநோட்டிஃபை தன் கெர்னல் வழியாக நடக்கும் மாற்றத்தை மட்டுமே அறியும். நீங்கள் நகலெடுத்தது உபுண்டு வழியாகப் போனதால் தெரிந்தது, விண்டோஸ் தன் வட்டில் தானே எழுதியது உங்கள் கெர்னலைத் தொடவே இல்லை. உச்சவரம்பை உயர்த்தினாலும், பாத் யூனிட்டுக்கு மாறினாலும் இது தீராது. திசையைத் திருப்பிவிடுங்கள்: விண்டோஸ் கணினிகளோடு கோப்புறையைப் பகிர உதவும் சாம்பா மென்பொருள் வழியாக உபுண்டுவில் ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, எடைமேடை மென்பொருளை அங்கே சேமிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்ய இயலாவிட்டால், ஐந்து விநாடிக்கு ஒருமுறை கோப்புறையைப் பார்த்து, அச்சிட்ட சீட்டை வேறிடத்துக்கு நகர்த்தும் எளிய சுழலே போதும். ஆலை வாசலுக்கு ஐந்து விநாடி பெரிய தாமதமல்ல.

போச்சம்பள்ளி_எடைமேடை:
சாம்பாவுக்கு மாற்றியபின் குளோஸ்-ரைட்டிலேயே அச்சாகிறது. மிக்க நன்றி. ஒரு சீட்டு மட்டும் இரண்டு முறை வந்தது.

காவேரிப்பட்டணம்_கரை:
மென்பொருள் அந்தக் கோப்பை இரண்டு முறை திறந்து மூடியிருக்கலாம். அச்சிட்டவுடன் அதை வேறு கோப்புறைக்கு நகர்த்துகிறீர்களா?