கலைச்சொல்: யூரைடை ‘நைட்ரஜன் கடத்தி’ எனலாமா?

அன்புடையீர்,

பயறுவகைத் தாவரங்களின் நைட்ரஜன் கடத்தல் பற்றிய பாடவரைவில் அலன்டாயின், அலன்டாயிக் அமிலம் இரண்டையும் ‘நைட்ரஜன் கடத்திகள்’ என்று குறித்திருக்கிறார்கள். இவ்விரண்டுக்குமான யூரைடு என்ற பொதுப்பெயருக்கு ‘யூரியா வழிச்சேர்மம்’ என்று ஒரு முன்மொழிவும் உண்டு. இவை பொருந்துமா?

---

> நைட்ரஜன் கடத்திகள்

இது வேண்டாம். பாக்டீரியா காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தும் (தாவரத்துக்குப் பயன்படும் வடிவாக மாற்றும்) வேர் முடிச்சிலிருந்து யூரைடை வெளியேற்றச் செல்சவ்வில் தனிப் புரதங்கள் இருக்கின்றன. கடத்தி என்ற பெயர் அவற்றுக்கே உரியது. தூக்கிச் செல்லும் புரதத்துக்கும் தூக்கிச் செல்லப்படும் பொருளுக்கும் ஒரே சொல் என்றால், ‘கடத்தி குறைந்தால் முடிச்சில் கடத்தி தேங்கும்’ என்று எழுத நேரும். மாணவருக்கு என்ன புரியும்?

சேர்மத்துக்கு ‘ஏந்துசேர்மம்’, புரதத்துக்குக் ‘கடத்திப்புரதம்’ என்று பிரிக்கலாம். யூரைடின் சிறப்பே அது ஏந்தும் அளவில்தான் இருக்கிறது. அலன்டாயினில் 4 கார்பனுக்கு 4 நைட்ரஜன். அஸ்பராஜினில் 4 கார்பனுக்கு 2, குளுட்டமினில் 5 கார்பனுக்கு 2. அதே நைட்ரஜனை அனுப்ப யூரைடில் பாதிக் கார்பனோ அதற்கும் குறைவோ போதும். சோயா, தட்டைப்பயறு, பாசிப்பயறு, துவரை ஆகியவை யூரைடாக அனுப்புகின்றன. பட்டாணியும் லூபினும் அமைடாக (அஸ்பராஜின், குளுட்டமின்) அனுப்புகின்றன. ‘யூரைடு ஏந்தும் பயறுகள்’, ‘அமைடு ஏந்தும் பயறுகள்’ என்று இரு வகையையும் ஒரே சொல்லால் அழகாகப் பிரித்துவிடலாம்.

> யூரியா வழிச்சேர்மம்

வேதியியல் வரையறையாக இதில் பிழையில்லை. ஆனால் படிப்பவர் யூரியாவிலிருந்து யூரைடு உண்டாவதாக எண்ணிவிடுவார். முடிச்சில் நடப்பது வேறு. குளுட்டமினின் நைட்ரஜன் பியூரினாகி, சாந்தீன் வழியே யூரிக் அமிலமாகிறது. பாக்டீரியா தொற்றாத செல்களின் பெராக்ஸிசோம்களில் யூரிகேஸ் நொதி அதை ஆக்ஸிஜனேற்றுகிறது. அங்கிருந்து அலன்டாயினும், பிறகு எண்டோபிளாச வலையில் அலன்டாயினேஸ் நொதியால் அலன்டாயிக் அமிலமும் கிடைக்கின்றன. இந்தப் பாதையில் யூரியாவுக்கு இடமே இல்லை. ‘யூரைடு’ என்றே வைத்துக்கொள்வோம்.

‘யூரைடு வளர்சிதை மாற்றம்’ என்ற தலைப்பையும் இரண்டாக உடைக்கப் பரிந்துரைக்கிறேன்: முடிச்சில் ‘யூரைடு ஆக்கம்’, இலையில் ‘யூரைடு சிதைவு’. சிதைவில் ஓர் அலன்டாயினின் 4 நைட்ரஜனும் அம்மோனியாவாக மீண்டு, கிளைஆக்ஸிலேட் மிஞ்சுகிறது.

---

ஏந்துசேர்மத்தை ஏற்கிறேன். ஓர் எச்சரிக்கை மட்டும்: யூரைடை ‘நிலைநிறுத்தல் சேர்மம்’ என்று யாரும் சுருக்கிவிடக் கூடாது. வேர் முடிச்சே இல்லாத தாவரங்களும் பியூரின் சிதைவில் யூரைடை உண்டாக்குகின்றன. வறட்சியில் சோயா இலைகளில் யூரைடு தேங்குகிறது, அதே வேளையில் நைட்ரஜன் நிலைநிறுத்தம் சரிகிறது. இலையில் யூரைடு மிகுந்திருப்பதைப் பார்த்து முடிச்சு நன்றாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டினால் முழுத் தவறாகும்.

நிலைநிறுத்தத்தை மதிப்பிடச் சைலச் சாற்றில் (வேரிலிருந்து மேலேறும் சாற்றில்) அளக்கும் எண்ணுக்கு ‘ஒப்பு யூரைடு விகிதம்’ பொருந்தும். யூரைடின் மோலார் செறிவை 4 ஆல் பெருக்கி, அதை யூரைடு, நைட்ரேட், அமினோ ஆகிய மூன்று நைட்ரஜன்களின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100 ஆல் பெருக்க வேண்டும். அந்த 4 விட்டுப்போனால் விகிதம் மிகவும் தாழ்ந்து தெரியும். பாடத்தில் சூத்திரத்தின் அருகிலேயே காரணத்தையும் எழுதுங்கள்: ஒரு மூலக்கூறில் 4 நைட்ரஜன்.

செய்முறைப் பகுதியில் ‘காரச் சிதைப்பு’, ‘அமிலச் சிதைப்பு’ என இரு பெயர்கள் தேவை. சோடியம் ஹைட்ராக்சைடில் கொதிக்கவைத்தால் அலன்டாயின் அலன்டாயிக் அமிலமாகும். பிறகு அமிலத்தில் கொதிக்கவைத்தால் கிளைஆக்ஸிலேட் வரும். பினைல்ஹைட்ரசினும் பெர்ரிசயனைடும் சேர்ந்து அதற்குச் சிவப்பு நிறம் தருகின்றன. காரச் சிதைப்பைத் தவிர்த்தால் அலன்டாயின் கணக்கில் வராது. நிறம் விரைவில் மங்குவதால், பெர்ரிசயனைடு சேர்த்தபின் எல்லாக் குழாய்களையும் ஒரே கால இடைவெளியில் அளக்க வேண்டும். இரண்டையும் வெறுமனே ‘நீராற்பகுப்பு’ என்று எழுதினால் எந்தப் படி விடுபட்டது என்று கண்டுபிடிக்க வழியிருக்காது.