புதுப்பிப்பு: பெரிய நீர்த்தேக்கம், படகு, கோடை ட்ரவுட் – கடி கிடைத்தது

கோடையில் பெரிய நீர்த்தேக்கத்தில் படகைக் காற்றோடு மிதக்கவிட்டு ஃப்ளை (பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) வீசியும் ரெயின்போ ட்ரவுட் மீன் கடிக்கவே இல்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது மீன் கிடைக்கிறது.

முதலில் உதவியது ட்ரோக், அதாவது தண்ணீருக்குள் விரியும் பாராசூட். அதைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டியதும் படகு காற்றுக்குக் குறுக்காக நின்று மெதுவாக நகர்ந்தது. அதுவரை வீசிய லைன் (தூண்டில் நூல்) மேலேயே படகு ஏறிவந்ததால் ஃப்ளை இறங்க நேரமே இருக்கவில்லை.

ஆனால் உண்மையான விடை ஆழம்தான். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். மேல்நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மீன் கீழே போய்விடும். மூழ்கும் லைனுக்கு மாறி, வீசியபின் எண்ணிக்கொண்டே இறங்கவிட்டேன். 10 எண்ணியும் கடி இல்லையா, அடுத்து 15, அப்புறம் 20. கடித்த எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டேன். இந்த யோசனையைச் சொன்னவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. நிறைய கடிகள் படகுக்குப் பக்கத்திலேயே வந்தன! லைனைத் தூக்கும் முன் ஃப்ளையைச் சில நொடிகள் அசையாமல் தொங்கவிடுங்கள்; பின்னாலேயே வந்த மீன் அப்போதுதான் கவ்வுகிறது.

மேகம் மூடினால் ஃப்ளையை இறக்கும்போது எண்ணும் எண்ணிக்கையைக் குறையுங்கள். வெளிச்சம் குறைந்தால் டாஃப்னியா என்ற மிகச் சிறிய நீர் உயிரி மேலே ஏறும், அதைத் தின்னும் ட்ரவுட்டும் கூடவே ஏறும்.

மீனைத் திரும்ப விடுபவர்கள் வெப்ப நாளில் தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றுங்கள்.