ஹூஸ்டனில் வீடு வாங்கும் முன்

ஹூஸ்டனுக்கு வேலை மாறி வருகிற நம்மவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டிலேயே வீடு வாங்கிவிடத் துடிக்கிறார்கள். அந்த அவசரத்துக்குப் பின்னால் இருக்கும் சில தவறான எண்ணங்களைப் பற்றியே இதை எழுதுகிறேன்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் சொத்து வரியாகப் போய்விடுகிறது. கேட்டி போன்ற புறநகர்களின் புதிய குடியிருப்புகளில், தண்ணீருக்கும் வடிகாலுக்கும் தனியாக வசூலிக்கும் மட் வரியையும் சேர்த்தால் ஆண்டுக்கு இரண்டரை விழுக்காடு வரை வருவது சாதாரணம். அதாவது 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 10,000 டாலர். குடியேறியதும், நாமே குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரியைக் குறைக்கும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

"நாம் பார்த்த வீடு வெள்ளப் பகுதியில் இல்லை, அதனால் கவலையில்லை" என்ற எண்ணம்தான் எனக்கு மிகுந்த கவலை தருவது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலின்போது, ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் நீர் புகுந்த வீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, வரைபடத்தில் குறித்திருந்த நூறாண்டு வெள்ளப் பரப்புக்கு (எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்புள்ள பகுதிக்கு) வெளியே இருந்தவை. என் நண்பர் வீடும் அப்படித்தான். முழங்கால் அளவு நீர் வடிந்த பிறகு, வீடு முழுக்க ஷீட்ராக் என்னும் சுவர்ப் பலகையை நான்கடி உயரத்துக்கு அறுத்தெடுத்து, உள்ளே வெப்பத்தடுப்புக்காக வைத்திருந்த ஈரமான பஞ்சை மூட்டை மூட்டையாகத் தெருவில் கொண்டுபோய்ப் போட்டோம். அப்படிப் பழுதுபார்த்த சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால், நான்கடி உயரத்தில் நீளமாக ஒரு மூட்டு தெரிவதுண்டு. வீடு பார்க்கப் போகும்போது இதைச் செய்து பாருங்கள்.

நகரின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்று, வெள்ளநீரைத் தேக்கி வைக்க 1940களில் கட்டிய இரண்டு நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவை காய்ந்து பூங்காவாகவே கிடப்பதால், தாம் வாங்குகிற வீடு அவற்றில் நீர் ஏறி நிற்கக்கூடிய பரப்புக்குள் இருப்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று. 2019 செப்டம்பர் முதல், வீட்டை விற்பவர், அதில் முன்பு வெள்ளம் புகுந்ததா, வீடு நீர்த்தேக்கப் பரப்பில் உள்ளதா என்பதையெல்லாம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தை வரி விடாமல் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்கு ஈடு தராது. வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் அது நடைமுறைக்கு வரப் பொதுவாக 30 நாள் ஆகும் என்பதால், மெக்சிகோ வளைகுடாவில் புயல் உருவான செய்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

தெற்கு ஊர், குளிரே இருக்காது என்று நம்பி வருபவர்களும் உண்டு. 2021 பிப்ரவரியில் மின்சாரம் நாள்கணக்கில் நின்று, குழாய்கள் உறைந்து வெடித்து, எத்தனையோ வீடுகளின் கூரை ஒழுகியது. வீட்டுக்கு வரும் தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் குடிபோகும் அன்றே கேட்டு, ஒரு முறை உங்கள் கையால் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.