லே க்ளோ சரிவும் ஒரு கிளாஸ் ஷாப்லியும்

பிரெஞ்சு வெள்ளை ஒயின் என்றதும் பலரும் மெர்சோ, மோன்ராஷே என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு ஷாப்லி ஊர் ஒயின்தான். அதிலும் அங்கே இருக்கிற லே க்ளோ தோட்டத்து ஒயின் குடித்த பிறகு வேறு எதுவும் அந்த அளவுக்கு மனதில் ஒட்டவில்லை.

பாரிசிலிருந்து நண்பர்களோடு காரில் ஷாப்லிக்குப் போயிருந்தேன், தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர். பர்கண்டி என்கிற ஒயின் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர்தான். ஆனால் பர்கண்டியின் மற்ற பெரிய தோட்டங்களைவிட வடக்கே இருக்கிற ஷாம்பெய்ன் வட்டாரம்தான் கிட்டே. குளிரும் அதற்கேற்ற மாதிரி.

ஊருக்குள் செரன் என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. பாலம் தாண்டினால் வலக்கரையில் தென்மேற்கு பார்த்த ஒரு சரிவு. கிராண்ட் க்ரூ என்கிற உச்சத் தகுதி பெற்ற ஏழு தோட்டங்களும் இந்த ஒரே சரிவில்தான், ஒன்றையொன்று ஒட்டியபடி. எல்லாம் சேர்த்தே சுமார் 100 ஹெக்டேர். அதில் பெரியது லே க்ளோ.

கொடிகளுக்கு நடுவே கிடந்த ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து, தண்ணீர் விட்டு, ஒட்டியிருந்த சாம்பல் நிறக் களிமண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தேன். உள்ளே சின்னச் சின்னச் சிப்பிகள், சுண்டுவிரல் நகம் அளவில், கமா போல வளைந்து! சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்த இடம் கடலடி. கிம்மரிட்ஜியன் மண் என்பது இதைத்தான்.

சிப்பியின் உப்புதான் ஒயினில் இறங்குகிறது என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. வேர் கல்லின் ருசியை உறிஞ்சித் தருவதில்லை. வெயில் படுகிற சரிவு ஷார்டொனே வகைத் திராட்சையை முழுசாகப் பழுக்க வைக்கிறது, குளிர் அதன் புளிப்பைக் கரையவிடாமல் காக்கிறது. இரண்டும் சேர்ந்து அமைவதில்தான் இந்த இடத்தின் அருமை.

ஒரு குடும்பத்தின் நிலவறையில், தோட்டக்காரம்மா 2014 லே க்ளோவை ஊற்றிக் கொடுத்தார். ஐஸ் மாதிரி குளிர்விக்கவில்லை, 12 டிகிரி இருக்கும். முதலில் எழுந்தது முதல் மழை விழுந்த சுண்ணாம்புச் சுவரின் வாசம். பிறகு எலுமிச்சைத் தோல். கிளாஸ் கொஞ்சம் சூடேறியதும் தேன். விழுங்கி வெகுநேரமாகியும் நாக்கின் ஓரங்களில் அந்தப் புளிப்பு நின்றது. கூடவே பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட கூஜேர், அந்த ஊர்ப் பலகாரம். இரண்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

அறை மூலையில் மெழுகு டின்கள் அடுக்கியிருந்தன. ஏப்ரலில் தளிர் விடும்போது உறைபனி இறங்கினால் வருஷ விளைச்சலே போய்விடும். அதனால் இரவெல்லாம் வரிசைக்கு வரிசை அவற்றை ஏற்றி வைப்பார்களாம். சிலர் தண்ணீர் தெளிக்கிறார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் மொட்டை 0 டிகிரிக்குக் கீழே ரொம்ப இறங்காமல் பிடித்து வைக்கும். 2021 ஏப்ரல் இரவுகளைப் பற்றிச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் கம்மியது. அதன் பிறகு விலையைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: லே க்ளோவை இளசாகத் திறக்காதீர்கள், எட்டுப் பத்து வருஷமாவது விடுங்கள். விலை எட்டவில்லையென்றால், அதே கரையில் கிராண்ட் க்ரூ சரிவை அடுத்த சிறு பள்ளத்தாக்கைத் தாண்டியதும் வருகிற மோன்தே தொனேர் தோட்டத்து ஒயினைப் பாருங்கள். கிராண்ட் க்ரூவுக்கு அடுத்த படியான ப்ரீமியே க்ரூ தகுதிதான், குணத்தில் ரொம்ப நெருக்கம். என் அலமாரியில் இப்போது இருப்பது அதுதான்.