ஐந்தாம் வகுப்புச் சோதினை: வீட்டிலயும் வகுப்பிலயும் கண்டதைச் சொல்லுங்கோ

நல்லூரடி:

புலமைப்பரிசில் சோதினையை எடுத்துவிட வேணும் எண்டும், இருக்கட்டும் எண்டும் கதை திரும்பவும் எழும்பியிருக்கு. கருத்துச் சொல்லுற ஆக்கள் கனபேர். பத்து வயதுப் பிள்ளையோட கூட இருந்து அந்தக் காலத்தைக் கடந்த ஆக்கள் கதைக்கிறது குறைவு. யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ள தாய் தகப்பனாய், ஆசிரியராய், முந்தி எழுதின பிள்ளையாய் நேரில கண்டதை எழுதுங்கோ. பிள்ளையின்ர பேரும் பள்ளிக்கூடத்தின்ர பேரும் வேண்டாம்.

வெளியில இருந்து வாசிக்கிறவைக்கு: இலங்கையில ஐந்தாம் வகுப்புப் பிள்ளையள் எழுதுற அரசாங்கச் சோதினை இது. இதில எடுக்கிற புள்ளியாலதான் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில இடமும், வசதி குறைஞ்ச பிள்ளைக்கு உதவித்தொகையும் கிடைக்கிறது. இரண்டு வினாத்தாள். ஒண்டில 40 கேள்வி, ஒரு மணித்தியாலம், நுண்ணறிவு. மற்றதில 60 கேள்வி, ஒண்டேகால் மணித்தியாலம், பாடங்கள். மொத்தம் 200 புள்ளி. 70க்கு மேல எடுத்த பிள்ளையளின்ர வீதத்தைப் பரீட்சைத் திணைக்களம் தனியாய் வெளியிடும். ஆனால் ஊரில 70ஐ ஆரும் கணக்கெடுக்கிறேல்லை. மாவட்ட வெட்டுப்புள்ளிதான் கதை, அதாவது தெரிவாகிறதுக்கு அந்தந்த மாவட்டத்தில எடுக்க வேண்டிய ஆகக் குறைஞ்ச புள்ளி. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக அதுக்கும் மேல வேற வெட்டுப்புள்ளி.

உடன நிப்பாட்டச் சொல்லுற ஆள் நான் இல்லை. இடம் குறைஞ்ச பள்ளிக்கூடத்துக்குக் கனபேர் கேட்டால் புள்ளியை விட்டு வேற எதால தெரிவு செய்வினம்? கடிதத்தாலயும் காசாலயும்தான். எண்டாலும் அதைச் சொல்லிக்கொண்டு எட்டு வயதில இருந்து ஒரு பிள்ளையின்ர பின்னேரம் முழுவதையும் எடுக்கிறது எனக்குப் பொறுக்குதில்லை.

வலிகாமத்து ரீச்சர்:

ஆரம்பப் பிரிவில கனகாலமாய்ப் படிப்பிக்கிறன், தரம் ஐந்தும் எடுத்திருக்கிறன். முதல்ல வினாத்தாளைப் பற்றி ஒரு நியாயம் சொல்ல வேணும். அது கெட்ட வினாத்தாள் இல்லை. கோலத்தில அடுத்த உரு எது, மடிச்சு வெட்டின தாளை விரிச்சால் எப்பிடி இருக்கும், வடக்கைப் பார்த்து நிக்கிறவர் இரண்டு தரம் வலப்பக்கம் திரும்பினால் எங்க பார்ப்பார்... பத்து வயதில யோசிக்க வேண்டிய நல்ல கேள்வியள்தான். அதை நாங்கள் பழக்கிற விதத்திலதான் எல்லாம் கெடுது.

என்ர வகுப்பில ஒரு பிள்ளை இருந்தவள். மடிச்சு வெட்டுற கேள்வி வந்தால் கொப்பித்தாளைக் கிழிச்சு, மடிச்சு, கத்தரிக்கோலால வெட்டிப் பார்த்துத்தான் விடை சொல்லுவாள். பக்கத்தில இருக்கிற பெடியனுக்கு ஏன் அப்பிடி வருது எண்டு விளங்கப்படுத்துவாள். அவள் விளங்கப்படுத்துற நேரம் நான் குறுக்க போறேல்லை, அவ்வளவு வடிவாய்ச் சொல்லுவாள். பேந்து ரியூசனுக்குப் போனாள். அங்க, ஒரு கேள்விக்கு ஒண்டரை நிமிஷம்தான், வெட்டிப் பார்க்க நேரமில்லை, இந்த வகைக் கேள்விக்கு இந்த மாதிரித்தான் விடை வரும், பாடமாக்கு எண்டிருக்கினம். சில மாதத்தால கத்தரிக்கோலை விட்டிட்டாள். புள்ளி கூடினது. ஏன் இந்த விடை எண்டு கேட்டால் என்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். வெட்டுப்புள்ளியைத் தாண்டினாள், அதில எனக்கு உண்மையான சந்தோஷம். ஆனால் அந்தச் சோதினை அளக்க நினைச்ச திறமை, சோதினைக்குப் பழக்கினதிலயே அவளை விட்டுப் போனது.

இன்னொண்டு. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் எண்டு ஒரு பாடம் இருக்கு. பேரிலயே செயற்பாடு இருக்கு. பிள்ளையளை வெளியில கூட்டிக்கொண்டு போய் கிணத்தடி, வாழைப்பாத்தி, எறும்புப் புத்து எல்லாம் காட்ட வேண்டிய பாடம். இப்ப அதையும் வழிகாட்டிப் புத்தகத்தில கேள்வி பதிலாய் வாசிக்கினம். சித்திரப் பாடமும் விளையாட்டும் தரம் நாலோட போயிடும். 2025இல ஓகஸ்ட் 10 சோதினை, நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். கோயிலடியில நிக்க வேண்டிய பிள்ளையள் மாதிரி வினாத்தாளோட ரியூசன் கொட்டிலுக்குள்ள இருந்ததுகள். சோதினை கிட்டினவுடன ரியூசனும் கருத்தரங்கும் நடத்தக்கூடாது எண்டு திணைக்களம் ஒவ்வொரு முறையும் தடை போடுறது. அந்தத் தடை வந்த பிறகுதான் பிள்ளையளின்ர முகத்தில கொஞ்சம் வெளிச்சம் தெரியும்.

கரவெட்டி அம்மா:

ரீச்சர் சொன்னது முழுக்க உண்மை. எங்கட வீட்டுக் கதை வேற மாதிரி.

மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தில முதலாம் வகுப்பில இருந்து உயர்தரம் மட்டும் இருக்கு. ஆறாம் வகுப்புக்கு அவன் அங்கயே ஏறலாம். சோதினையில என்ன புள்ளி வந்தாலும் அதில மாற்றம் இல்லை. வேற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புற எண்ணமும் எங்களுக்கு இல்லை. பெற்றோர் கூட்டத்தில ஒரு தகப்பன் எழும்பி, அப்ப ஏன் எங்கட பிள்ளையள் இவ்வளவு கஷ்டப்பட வேணும் எண்டு கேட்டார். பாடசாலையின்ர வீதம் குறைஞ்சால் அடுத்த வருஷம் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையள் சேராயினம் எண்டு பதில் வந்தது. அதாவது அந்தப் பிள்ளையள் எழுதினது தங்களுக்காக இல்லை, பள்ளிக்கூடத்துக்காக.

நாங்கள் ரியூசனுக்கு விடேல்லை. பின்னேரம் சைக்கிள் ஓடினான், அம்மம்மாவோட பேப்பர் வாசிச்சான். 112 வந்தது. எனக்கு அது நல்ல புள்ளி. 200இல 112 எடுத்த பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து அயலட்டையில 'பாவம், அடுத்த சோதினையில பாப்பம்' எண்டிச்சினம். சந்தியில வெட்டுப்புள்ளி தாண்டின பிள்ளையளின்ர படம் போட்ட பதாகை கட்டியிருந்தது. அவன் அதில தன்ர கூட்டாளியின்ர படத்தைக் காட்டி, 'அம்மா, என்ர படம் ஏன் இல்லை?' எண்டு கேட்டான். அந்தப் பதாகை கட்டுறதை நிப்பாட்டச் சட்டம் தேவையில்லை. அதிபர்மாரும் பழைய மாணவர் சங்கங்களும் நினைச்சால் போதும்.

தீவுப்பக்கத்தான்:

அக்கா, உங்கட பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் வீட்டடியில இருக்கு. நான் நெடுந்தீவு. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரப் படகில ஒரு மணித்தியாலம், காத்துக் காலத்தில அதுவும் நிச்சயமில்லை. ஐயா இல்லை, அம்மா தனிய. எங்கட பள்ளிக்கூடத்தில கணிதத்துக்கு ஆசிரியர் வருவார், மாற்றம் எடுத்துக்கொண்டு போவார், பேந்து கனநாள் ஆளில்லாமல் கிடக்கும். ரியூசன் எண்ட ஒண்டே இல்லை. ஒரு ரீச்சர் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்களை இருத்தி வைச்சுப் பழைய வினாத்தாள் செய்விச்சா. ஒரு சதமும் வாங்கேல்லை.

அந்தச் சோதினையால பட்டினத்தில ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் வந்தன். அம்மாட்ட ஆரும் நன்கொடை கேட்கேல்லை. ஆற்றையும் கடிதம் கொண்டு வரச் சொல்லேல்லை. புள்ளித்தாளைப் பார்த்தினம், சேர்த்தினம். இதை எடுத்தால் எங்களைப் போல ஆக்கள் எந்தக் கதவைத் தட்டுறது? எடுக்கச் சொல்லுற ஆக்கள் அதுக்குப் பதில் சொல்லிப்போட்டு எடுக்கட்டும். வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. 750 ரூபாயாய் இருந்ததை 2025 வரவு செலவுத் திட்டத்தில 1500 ஆக்கினவை. சின்னக் காசுதான், ஆனால் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் ஆகும்.

எனக்கும் ஒரு குறை இருக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தில ஐந்து கல்வி வலயம்: யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம். வெட்டுப்புள்ளி போடேக்க ஐந்தும் ஒண்டு. நல்லூரில மூண்டு ரியூசனுக்குப் போற பிள்ளையும் நெடுந்தீவில கணித ஆசிரியர் இல்லாத பிள்ளையும் ஒரே கோட்டைத்தான் தாண்ட வேணும். மாவட்டத்துக்கு மாவட்டம் வித்தியாசம் பார்க்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு மாவட்டத்துக்குள்ள இருக்கிற கடல் தெரியேல்லை.

வேலணைப் பழைய மாணவர்:

தம்பி நெடுந்தீவார் எழுதியதை வாசித்தபோது மனம் கனத்தது. சற்றுப் பழைய கதை சொல்கிறேன்.

இந்தப் புலமைப்பரிசில் தனியாக வந்த ஒன்றல்ல. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதையொட்டிக் கிராமப்புறங்களில் 54 மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. ஏழைக் கிராமத்துப் பிள்ளையைச் சோதனை வைத்துத் தெரிந்தெடுத்து, அந்த மத்திய பாடசாலையில் விடுதி கொடுத்துப் படிப்பிப்பதே ஏற்பாடு. பாடசாலை கிராமத்துக்கு வந்தது, சோதனை அதற்குள் பிள்ளையைக் கொண்டு சேர்த்தது. எங்கள் தீவுப் பகுதியில் வேலணை மத்திய கல்லூரி அப்படி எழுந்த ஒன்று. சுற்றியுள்ள தீவுகளிலிருந்து வந்து தங்கிப் படித்தவர்களை நான் அறிவேன்.

இன்று அந்த இரண்டில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. கிராமத்துப் பாடசாலையை வளர்ப்பதை விட்டுவிட்டோம், சோதனையை மட்டும் வைத்திருக்கிறோம். அது கிராமத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒவ்வொன்றையும் பட்டினத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறது. எஞ்சிய பாடசாலையில் பிள்ளைகள் குறைய, ஆசிரியரும் குறைகிறார்கள்.

சோதனையை எடுத்துவிடலாம் என்று எவராவது சொன்னால் எங்கள் தலைமுறைக்கு உடனே ஓர் அச்சம் வரும். 1971இல் பல்கலைக்கழக அனுமதியில், எழுதிய மொழியைப் பார்த்துப் புள்ளியை மாற்றிக் கணக்கிடும் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது நாங்கள் மாணவர்கள். எடுத்த புள்ளி வேறு, கணக்கில் கொண்ட புள்ளி வேறு. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைக்கு அதனால் நன்மையும் கிடைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் விதியைக் கொழும்பில் மாற்றினால் இங்கே ஒரு பிள்ளையின் வாழ்க்கை மாறும் என்பதை யாழ்ப்பாணம் அப்போது கற்றுக்கொண்டது. அதனால்தான் திருத்தமான ஓர் எண்ணைக் கையில் வைத்திருக்க இவ்வளவு ஆசைப்படுகிறோம். பிள்ளைகள்மேல் பெற்றோர் போடும் பாரத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது என்பது என் எண்ணம்.

கோப்பாய்த் தகப்பன்:

ஐயா, அந்த எண்ணும் திருத்தமாய் இருக்கேல்லையே. என்ர மகள் 2024 செப்டெம்பர் 15 எழுதினவள். முதலாம் வினாத்தாளில மூண்டு கேள்வி முன்னமே வெளியில வந்திட்டுது எண்ட பிரச்சினை அண்டைக்கே கிளம்பினது. திருத்துற வேலை நிண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் மட்டும் போய், டிசெம்பர் 31 அந்த மூண்டுக்கும் எல்லாப் பிள்ளையளுக்கும் புள்ளி குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் ஜனவரியிலதான் பெறுபேறு.

அந்த இடைக்காலத்தில திரும்பச் சோதினை வைப்பினமாம் எண்ட கதை ஒவ்வொரு கிழமையும் வரும். அவள் கட்டி வைச்ச வினாத்தாள் கட்டைத் திரும்ப அவிட்டாள். நாங்கள் சொல்லேல்லை, தானாய். இரவில எழும்பி, 'அந்த மூண்டும் நான் சரியாய்த்தான் செய்தனான், அப்ப மற்றவைக்கும் சும்மா குடுத்தால் எனக்கென்ன?' எண்டு கேட்பாள். பத்து வயதில அவளுக்கு நீதி நியாயம் எல்லாம் அந்த மூண்டு கேள்விக்குள்ள வந்து நிண்டது. நான் அண்டையில இருந்து எடுக்கச் சொல்லுற ஆள். பதினாறு வயதில சாதாரணதரம் வைக்கட்டும், தாங்குவினம். பத்தில வேண்டாம்.

சோதினை மண்டபத்தில நோக்குநராய் (மேற்பார்வைக்கு) நிண்ட ஒருத்தி:

ஒரே ஒரு விஷயம் சொல்லுறன். பிள்ளையள் வெள்ளைச் சட்டையின்ர இடப்பக்கத்தில சோதினைச் சுட்டெண்ணைக் குத்திக்கொண்டு வருவினம். அண்மைய வருஷங்களில இரண்டாம் வினாத்தாள்தான் காலமை முதல்ல. அது முடிய அரை மணித்தியால இடைவேளை. வெளியில வேலியோட தாய்மார் நிக்கினம், உள்ள விட ஏலாது. ஒரு சின்னப் பெடியன் என்னட்ட வந்து, ஒரு கேள்வியைப் பிழையாய் எழுதிப்போட்டன், அம்மாட்டச் சொல்லாதேங்கோ ரீச்சர் எண்டான். அவன்ர அம்மா ஆரெண்டே எனக்குத் தெரியாது. சொல்ல மாட்டன் எண்டு சொல்லித் தண்ணி குடிக்க வைச்சு அடுத்த தாளுக்கு இருத்தினன்.

ரொறன்ரோவில இருந்து:

எங்கட ஊர் சனசமூக நிலையத்துக்கு ஒவ்வொரு வருஷமும் காசு சேர்த்து அனுப்புறம். வெட்டுப்புள்ளி தாண்டின பிள்ளையளுக்குச் சைக்கிள், மாலை, மேடை. போன வருஷம் நிர்வாகத்தில ஒரு தங்கச்சி, சோதினை எழுதின எல்லாப் பிள்ளையையும் மேடைக்குக் கூப்பிட வேணும் எண்டு நிண்டா. சில பேர் விரும்பேல்லை, கெட்டிக்காரருக்கு மதிப்பில்லாமல் போயிடும் எண்டிச்சினம். கடைசியில எல்லாருக்கும் ஒரு தமிழ் அகராதியும் கதைப்புத்தகமும் குடுத்தம். தாண்டின பிள்ளையளும் அதே வரிசையிலதான் நிண்டதுகள். ஒரு குறையும் வரேல்லை. இங்க எழுதினதுகளை வாசிக்கச் சைக்கிள் காசை வேற எங்கயாவது திருப்பலாமோ எண்டு யோசினை வருது. ரீச்சர், நீங்கள் என்ன சொல்லுறியள்?

வலிகாமத்து ரீச்சர்:

அண்ணை, திருப்புங்கோ. ஆறாம் வகுப்புக்கு ஏறியும் ஒரு பந்தியைத் தடக்குப்படாமல் வாசிக்க ஏலாத பிள்ளையள் இருக்கினம். தரம் ஐந்தில கெட்டிக்காரரோட மினைக்கெட்டதில நாங்கள் பின்வாங்கில விட்ட பிள்ளையள் அவை. அவைக்கு ஆரும் மாலை போடுறேல்லை, ரியூசனிலயும் இடம் குடுக்கிறேல்லை. கிழமையில இரண்டு பின்னேரம், சனசமூக நிலையத்திலயே, வாசிப்பும் அடிப்படைக் கணிதமும். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருத்தர் போதும், அவவுக்குப் போக்குவரத்துக் காசு, பிள்ளையளுக்கு ஒரு பிஸ்கட்டும் தேத்தண்ணியும். தீவுப்பக்கத்துத் தம்பி சொன்ன மாதிரி ஆசிரியர் இல்லாத இடமெண்டால் இன்னும் முக்கியம். புது வருஷத் தவணையோட தொடங்கலாம். எந்த ஊர் எண்டு எனக்குத் தனியாய் எழுதுங்கோ, அந்தப் பக்கத்தில இருக்கிற என்ர பழைய சிநேகிதியள் இரண்டு பேரை இண்டைக்கே கேட்கிறன்.